ருமேனிய மொழி கற்க முழுமையான வழிகாட்டி: தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு குறுக்குவழி

இந்தியா, இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளிலிருந்து ருமேனியாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் சில ஆண்டுகளாகக் கூடிவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து ஆண்டுக்கு 1,00,000 பேர் வரை வேலைக்கு எடுக்கலாம் என்று 2022 முதல் 2024 வரை அந்நாட்டு அரசு அனுமதி வைத்திருந்தது. கட்டட வேலை, ஓட்டல், கிடங்கு, உணவு டெலிவரி என்று போகிறவர்கள் ஒருபக்கம். க்ளூஜ், யாஷி, திமிஷ்வாரா நகரங்களில் மருத்துவம் படிக்கப் போகும் மாணவர்கள் இன்னொரு பக்கம்.

இவர்களில் பெரும்பாலோர் மொழியைக் கற்பது ஆங்கிலம் வழியாக. செயலியும் புத்தகமும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கின்றன, வேறு வழியில்லை. ஆனால் ஆங்கிலேயருக்குத் தலைவலி தருகிற பல இடங்கள் தமிழருக்கு ஏற்கெனவே பழகிய இடங்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல், ஆங்கிலேயரின் கஷ்டத்தையும் சேர்த்துச் சுமக்கிறோம். தமிழ் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரிவிடும் என்று பிரித்துக் காட்டுவதே இந்த வழிகாட்டியின் வேலை.

இது என்ன மொழி?

ருமேனியம் லத்தீனின் பிள்ளை. இத்தாலியம், ஸ்பானியம், பிரெஞ்சு, போர்த்துகீசியம் ஆகியவற்றின் உடன்பிறப்பு. ரோமப் பேரரசர் டிராஜன் கி.பி. 106-இல் இன்றைய ருமேனியப் பகுதியான டாசியாவை வென்றார். 270-களில் பேரரசர் அவுரேலியன் படைகளைத் திரும்பப் பெற்றார். இடைப்பட்ட காலத்தில் வேரூன்றிய லத்தீன், பிறகு தன் உறவுகளிடமிருந்து பிரிந்து, ஹங்கேரிய, பல்கேரிய, செர்பிய, உக்ரைன் மொழிகளுக்கு நடுவே தனியாக வளர்ந்தது. அதனால் உடல் லத்தீன், உடுப்பு பல ஊர்த் துணி. தண்ணீர் ('ஆப'), ரொட்டி ('புய்னெ') லத்தீன். 'ஆம்' என்பதற்கான 'தா', நண்பனுக்கான 'ப்ரியெதென்' ஸ்லாவியம் (பல்கேரிய, செர்பிய, உக்ரைன் மொழிகளின் குடும்பம்). நகரத்துக்கான 'ஒராஷ்' ஹங்கேரியம். சாலைக்கான 'த்ரும்' கிரேக்கம். 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுச் சொற்கள் மூட்டை மூட்டையாக இறங்கின. இன்றும் நன்றி சொல்ல 'மெர்சி' என்பவர்கள் ஏராளம்.

துருக்கியர் வழியாக வந்தவற்றில் நமக்குத் தெரிந்த முகங்கள் சில உண்டு. 'ஹல்வா' நம் அல்வாதான். 'பக்ஷிஷ்' நம் தாத்தாக்கள் சொன்ன பக்ஷீஸ். விருந்தாளிக்குச் சொல்லும் 'முஸாஃபிர்', நம்மூர்ப் பழைய முசாபரி பங்களாவின் அதே அரபு முசாபர்.

நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய, காலம் உறுதியான ருமேனிய எழுத்து 1521-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று. கம்புலுங் ஊரைச் சேர்ந்த ந்யாக்ஷு, துருக்கியப் படை நகர்வதைப் பற்றி ப்ரஷோவ் நகரத் தலைவரை எச்சரித்து எழுதியது. அது சிரிலிக் எழுத்தில், அதாவது ரஷ்ய மொழிக்கு இன்று பயன்படும் எழுத்துவகையில் இருந்தது. 1860-களில்தான் ரோமன் எழுத்து அதிகாரபூர்வமானது. அண்டை நாடான மால்டோவாவில் சோவியத் காலத்தில் சிரிலிக். 1989 ஆகஸ்ட் 31 அன்று சட்டம் மாற்றியது. அங்கே 'மால்டோவ மொழி' என்று அழைக்கப்பட்டதை 2023-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டங்களில் 'ருமேனிய மொழி' என்று திருத்தியது. ஆக, இதைக் கற்றால் இரண்டு நாடுகளில் செல்லும். 2007 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்றும்கூட.

முதல் படி: காதும் நாக்கும்

எழுத்தைத் தொடுவதற்கு முன் ஒலி. இங்கேதான் தமிழருக்கு முதல் லாபம்.

ருமேனியத்தில் ஓர் உயிரொலி உண்டு. ஆங்கிலேயர் அதைச் சொல்ல முக்கி முனகுவார்கள். உதடு குவியாமல், நாக்கின் நடுப்பகுதி உயர்ந்து வரும் ஒலி. 'காசு', 'பாட்டு' என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். கடைசியில் உதடு குவியாமல் வருகிறதே குற்றியலுகரம், கிட்டத்தட்ட அதுதான். 'புய்னெ' என்ற ரொட்டியில் வரும் 'பு'வை அந்த உகரத்தோடு சொல்ல வேண்டும், 'புலி'யின் உகரத்தோடு அல்ல. அதேபோல் பன்மைச் சொற்களின் ஈற்றில் வரும் இகரம் முழுதாக ஒலிக்காது. 'லுப்' என்றால் ஓநாய். ஓநாய்கள் 'லுபி', ஆனால் அந்த 'இ' காற்றோடு போகும் ஒரு முணுமுணுப்பு. பள்ளியில் 'நாகியாது', 'கேண்மியா' என்று குற்றியலிகரம் படித்து, இது எதற்கென்று அலுத்துக்கொண்டவர்களுக்குக் கடைசியில் ஒரு பயன்.

இன்னும் உண்டு. 'த' ஒலி பல்லில் நாக்கு படும் நம் தகரம். ஆங்கிலப் பழக்கத்தில் மூன்றை 'ட்ரெய்' என்றால் தப்பு, 'த்ரெய்' என்பதே சரி. ரகரம் நம் ரகரம். க, த, ப ஒலிகளில் ஆங்கிலம்போல மூச்சுக் காற்று வெடிக்காது. அவன், அவள் என்பதற்கான சுட்டுப்பெயர்களை எழுதுவது 'எல்', 'ஏயா'. பேச்சில் 'யெல்', 'யா'. நாமும் 'என்ன' என்று எழுதிவிட்டு 'யென்ன' என்றுதானே பேசுகிறோம்.

தமிழ் காலை வாரும் இடமும் இங்கேயே இருக்கிறது. நம் எழுத்தில் 'பல்'லின் பகரமும் 'பஸ்'ஸின் பகரமும் ஒன்று. 'கல்', (அடுப்பு) 'கேஸ்' இரண்டுக்கும் ஒரே ககரம். 'தயிர்', 'தோசை' இரண்டுக்கும் ஒரே தகரம். ருமேனியத்தில் இவை வெவ்வேறு எழுத்து, வெவ்வேறு பொருள். 'பெரெ' என்பதைப் 'பல்' பகரத்தோடு சொன்னால் பேரிக்காய்கள், 'பஸ்' பகரத்தோடு சொன்னால் பீர். கடைக்காரர் எதை எடுத்து நீட்டுவார் என்பது உங்கள் உதட்டைப் பொறுத்தது. இந்தக் கட்டுரையும் தமிழ் எழுத்தில் இருப்பதால் அந்த வேறுபாட்டைக் காட்ட முடியாது. ஒவ்வொரு சொல்லையும் ஒலிப்பதிவில் ஒருமுறை கேட்டுவிட்டுச் சொல்லிப் பழகுங்கள். நான் 'ஃஸ' என்று எழுதுவது 'ஃஸூ' என்ற மிருகக்காட்சிசாலைச் சொல்லின் முதல் ஒலி. 'த்ஸ' என்பது பீட்சாவின் நடுவில் வருவது. சொல்லின் ஈற்றில் குறில் அகரம் வந்தால் வாயைப் பாதி திறந்து மங்கலாகச் சொல்லுங்கள், ஆகாரம் வந்தால் முழுதாகத் திறந்து சொல்லுங்கள். இந்த மங்கல் அகரம் பின்னால் பெரிய வேலை செய்யும்.

அழுத்தம் எந்த அசையில் விழும் என்பதற்கு முழுமையான விதி கிடையாது, எழுத்திலும் குறி இருக்காது. 'தொர்துரி' என்பதில் முதல் அசையை அழுத்தினால் கேக்குகள், இரண்டாவதை அழுத்தினால் சித்திரவதைகள். பிறந்தநாள் அன்று கவனம்.

இரண்டாம் படி: எழுத்து

மொத்தம் 31 எழுத்து. ஆங்கிலத்தின் 26-உம், மேலோ கீழோ குறி பெற்ற ஐந்தும். எழுதியபடி படிக்கலாம், ஆங்கிலம்போல் ஏமாற்றாது. நினைவில் வைக்க வேண்டிய முக்கிய விதி ஒன்று: சி எழுத்துக்குப் பின் ஈ அல்லது ஐ வந்தால் 'பச்சை'யில் வரும் 'ச' ஒலி, நடுவில் ஹெச் புகுந்தால் 'க' ஒலி. ஜி எழுத்துக்கும் அதே கதை.

நான் சொன்ன குற்றியலுகர ஒலிக்கு மட்டும் இரண்டு எழுத்து. கூரைக்குறி போட்ட ஐ சொல்லின் முதலிலும் கடைசியிலும் வரும், கூரைக்குறி போட்ட ஏ நடுவில் வரும். 1953-இல் எல்லா இடத்திலும் ஐ என்றார்கள். பிறகு நாட்டின் பெயர் லத்தீன் வேரைக் காட்ட வேண்டுமென்று அந்தச் சொல்லுக்கு மட்டும் ஏ திரும்பியது. 1993-இல் ருமேனிய அகாடமி இன்றைய விதிக்கு வந்தது. பழைய புத்தகமும் புதிய புத்தகமும் வேறு வேறு எழுத்துக்கூட்டலில் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

கைப்பேசியில் பலர் குறிகள் போடாமலே தட்டுவார்கள். அப்போது 'ஃபாத' (ஒரு பெண்), 'ஃபாதா' (அந்தப் பெண்), 'ஃபாத்ஸ' (முகம்), 'ஃபாத்ஸா' (அந்த முகம்) நான்கும் ஒரே நான்கெழுத்தாக வந்து நிற்கும். இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். நீங்கள் கற்கும்போது குறிகளோடு எழுதியே பழகுங்கள்.

மூன்றாம் படி: வணக்கமும் மரியாதையும்

பகல் வணக்கம் 'புன ஃஸீவா'. மாலையில் 'புன ஸியாரா'. நன்றி 'முல்த்ஸுமெஸ்க்'. தயவுசெய்து 'வ ரோக்'. விடைபெற 'லா ரெவெதெரெ', நண்பர்களிடம் வெறும் 'பா'. நாட்டின் டிரான்சில்வேனியாப் பகுதியில் 'செர்வுஸ்' கேட்கலாம். வயதான பெண்களுக்கு 'ஸருத் முனா' என்பார்கள். கைக்கு முத்தம் என்று பொருள், ஆனால் முத்தம் கொடுக்கத் தேவையில்லை. 'பொஃப்தீம்' என்பது ஒன்றை நீட்டும்போது 'இந்தாங்க', காதில் விழாதபோது 'என்ன சொன்னீங்க?'

நீ, நீர், நீங்கள் மூன்றும் இங்கே உண்டு: 'து', 'தும்னெயாதா', 'தும்னெயவ்வாஸ்த்ர'. 'நீங்கள்' என்பதற்கு வினை பன்மையில் வரும், ஒருவரிடம் பேசினாலும்கூட. ஆங்கிலேயருக்குப் பாடமாகச் சொல்லித் தர வேண்டிய இதை நாம் யோசிக்காமலே செய்வோம். அவன், அவர் வேறுபாடும் உண்டு: 'யெல்' அவன், 'தும்னியாலுய்' அவர். அலுவலகம், மருத்துவமனை, மேலதிகாரி, முன்பின் தெரியாத பெரியவர், எல்லோரிடமும் 'தும்னெயவ்வாஸ்த்ர'. அவர்களே 'து' என்று பேசச் சொல்லும்வரை இறங்க வேண்டாம்.

நான்காம் படி: 'எனக்கு' என்று தொடங்குங்கள்

பெரும்பாலான பாடநூல்கள் 'நான் இருக்கிறேன், நீ இருக்கிறாய்' என்று தொடங்குகின்றன. தமிழருக்கு நான் சொல்வது, 'எனக்கு' வாக்கியங்களிலிருந்து தொடங்குங்கள். 'ம்யெ ஃபுவாமெ': எனக்குப் பசி. 'ம்யெ ஸெதெ': எனக்குத் தாகம். 'ம்யெ ஃப்ரிக்': எனக்குக் குளிர்கிறது. 'ம்யெ ஸொம்ன்': எனக்குத் தூக்கம் வருகிறது. 'உமி ப்லாசெ': எனக்குப் பிடிக்கும். எல்லாவற்றிலும் முன்னால் நிற்பது நான்காம் வேற்றுமை, நம் 'எனக்கு'தான். ஆங்கிலம் 'நான் பசியாயிருக்கிறேன்' என்று புரட்டிப் போடுகிறது. அதன் வழியாகப் போனால் இங்கே தடுமாறுவோம், நேராக வந்தால் மூச்சு விடுவதுபோல் வந்துவிடும்.

பெயர் கேட்பதும் அப்படியே. 'கும் தெ கியாம?' என்றால் உன்னை எப்படிக் கூப்பிடுவார்கள். பதில் 'ம கியாம', அதன்பின் பெயர்.

ஐந்தாம் படி: வினை

'வந்தேன்' என்றால் யார் என்று கேட்கத் தேவையில்லை, ஈறே சொல்லிவிடும். இங்கேயும் அதேதான், 'நான்', 'நீ' எல்லாவற்றையும் விட்டுவிடலாம். பேசு என்ற வினை நிகழ்காலத்தில்: 'வொர்பெஸ்க்' பேசுகிறேன், 'வொர்பெஷ்தி' பேசுகிறாய், 'வொர்பெஷ்தெ' பேசுகிறான் அல்லது பேசுகிறாள், 'வொர்பிம்' பேசுகிறோம், 'வொர்பித்ஸி' பேசுகிறீர்கள், மறுபடி 'வொர்பெஸ்க்' பேசுகிறார்கள். எதிர்மறைக்கு முன்னால் 'நு' போட்டால் போதும்.

இறந்தகாலம் சுலபம். 'ஆம், ஆய், ஆ, ஆம், ஆத்ஸி, ஆவ்' என்ற ஆறு துண்டுகளை மனப்பாடம் செய்து, பின்னால் எச்சத்தை வையுங்கள்: 'ஆம் வொர்பித்' பேசினேன், 'ஆவ் வொர்பித்' பேசினார்கள். எதிர்காலத்துக்குப் பேச்சு வழக்கில் 'ஓ ஸ' முன்னால் சேரும்: 'ஓ ஸ வொர்பெஸ்க்' பேசுவேன். இலக்கணப் புத்தகத்தில் எதிர்காலம் மூன்று விதம் இருக்கும், முதலில் இது ஒன்று போதும்.

தமிழ் உதவாத இடம் 'வேண்டும்'. நாம் 'போக வேண்டும்' என்று எச்சம் போடுவோம். இவர்கள் 'வ்ரியாவ் ஸ மெர்க்' என்பார்கள், வேண்டுகிறேன் நான் போவதாக என்கிற மாதிரி. இரண்டு வினையும் ஆளுக்கேற்ப மாறும். பல்கேரியம், கிரேக்கம், அல்பேனியம் என்று அந்த வட்டாரமே இப்படித்தான் பேசுகிறது. 'ஸ' என்ற துணுக்கை எங்கும் கேட்பீர்கள்.

ஆறாம் படி: பெயர்ச்சொல், நேரத்தை இங்கே செலவிடுங்கள்

இதுதான் மலை. தமிழில் உயிருள்ள மனிதருக்கு ஆண், பெண், மற்றதெல்லாம் அஃறிணை. ருமேனியத்தில் மேசை பெண், சுவர் ஆண், ரயில் மூன்றாம் பால். இந்த மூன்றாம் பாலின் குணம் விசித்திரம்: ஒருமையில் ஆண்போல் நடக்கும், பன்மையில் பெண்போல் நடக்கும். 'உன் த்ரென்' ஒரு ரயில், 'தோவ த்ரெனுரி' இரண்டு ரயில்கள். கூடவரும் பெயரடையும் பால் மாறும்.

ஓரளவு ஊகிக்கலாம். மங்கல் அகரத்தில் முடிந்தால் பெரும்பாலும் பெண்பால் (அப்பாவுக்கான 'தாத' விதிவிலக்கு). மெய்யில் முடிந்து ஆண் மனிதனோ விலங்கோ என்றால் ஆண்பால். மெய்யில் முடிந்து உயிரில்லாப் பொருள் என்றால் மூன்றாம் பாலாக இருக்க வாய்ப்பு அதிகம். எகரத்தில் முடிந்தால் அகராதியைப் பார்க்க வேண்டியதுதான்.

அடுத்தது, 'அந்த' என்ற சுட்டு. மற்ற லத்தீன் பிள்ளைகளில் அது முன்னால் தனிச்சொல்லாக நிற்கும். ருமேனியத்தில் வாலில் ஒட்டும். 'லுப்' ஓர் ஓநாய், 'லுபுல்' அந்த ஓநாய். 'காஸ' வீடு, 'காஸா' அந்த வீடு. 'ஃப்ராதெ' சகோதரன், 'ஃப்ராதெலெ' அந்தச் சகோதரன். சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டே போவது நமக்குப் புதிதா என்ன? வேற்றுமையும் அப்படியே ஒட்டும். 'பயாத்' பையன், 'பயாதுல்' அந்தப் பையன், 'பயாதுலுய்' அந்தப் பையனுடைய, அந்தப் பையனுக்கு. நம்மிடம் 'உடைய', 'கு' இரண்டு உருபு; இவர்களுக்கு இரண்டுக்கும் ஒன்றே.

பெண்பாலில் ஒரு சூத்திரம் உண்டு. பன்மையோடு இகரம் சேர்த்தால் உடைமை வடிவம் கிடைத்துவிடும். 'ஃபாத' பெண், 'ஃபெதெ' பெண்கள், 'ஃபெதெய்' அந்தப் பெண்ணுடைய. அதனால் பன்மையைக் கற்றால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். நடுவில் உயிரும் மெய்யும் உருமாறுவதைக் கவனியுங்கள்: 'கார்தெ' புத்தகம், 'கர்த்ஸி' புத்தகங்கள். குழந்தைக்கு 'கொபில்', குழந்தைகள் 'கொபீ', அந்தக் குழந்தைகள் 'கொபீயி'. கடைசிச் சொல்லை எழுதும்போது ஈற்றில் ஐ எழுத்து மூன்று வரிசையாக நிற்கும். அச்சுப்பிழை இல்லை.

ஆகவே சொல்பட்டியல் எழுதும்போது ஒற்றைச் சொல்லை எழுதாதீர்கள். ஒருமை, பன்மை, சுட்டு ஒட்டிய வடிவம் மூன்றையும் ஒரே வரியில் எழுதி, வாய்விட்டுச் சொல்லுங்கள்: 'உன் த்ரென், தோவ த்ரெனுரி, த்ரெனுல்.' சலிப்பூட்டும் வேலைதான். இதைத் தள்ளிப்போட்டவர்கள் பின்னால் எல்லாச் சொல்லையும் இரண்டாம் முறை கற்க வேண்டிவரும்.

ஏழாம் படி: நம் 'ஐ' அங்கே 'பெ'

'புத்தகம் படிக்கிறேன்' என்று ஐ உருபு இல்லாமல் சொல்லலாம். 'மரியா பார்க்கிறேன்' என்று சொல்ல முடியாது, 'மரியாவை' வேண்டும். ருமேனியத்திலும் ஆளைச் செயப்படுபொருளாகச் சொன்னால் முன்னால் 'பெ' வரும், பொருளுக்கு வராது. 'சிதெஸ்க் ஓ கார்தெ': ஒரு புத்தகம் படிக்கிறேன். 'ஓ வத் பெ மரீயா': மரியாவைப் பார்க்கிறேன். வினைக்கு முன் வந்த 'ஓ' என்பது 'அவளை'. இப்படி இரண்டு தடவை சொல்வது இவர்கள் வழக்கம். முதலில் அந்த 'ஓ' விட்டுப்போனாலும் புரிந்துகொள்வார்கள். 'பெ'யை விடாதீர்கள். ஒரு வேறுபாடு: 'புத்தகத்தை' என்று குறிப்பாகச் சொன்னாலும் பொருளுக்கு 'பெ' கிடையாது, வாலில் சுட்டு ஒட்டினால் போதும்.

எட்டாம் படி: எண்ணும் சந்தையும்

உனு, தொய், த்ரெய், பாத்ரு, சின்ச், ஷாஸெ, ஷாப்தெ, ஒப்த், நோவ, ஃஸெசெ. சப்தஸ்வரம், நவகிரகம், திரிசூலம் தெரிந்தவருக்கு ஏழும் ஒன்பதும் மூன்றும் மறக்காது. சமஸ்கிருதமும் லத்தீனும் தூரத்துச் சொந்தம். இரண்டுக்குப் பால் உண்டு: 'தொய் லெய்' இரண்டு லேய் நாணயம், 'தோவ பெரி' இரண்டு பீர். இருபதிலிருந்து எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவில் 'தெ' நுழையும்: 'தோவஃஸெச் தெ லெய்'. பத்தொன்பதுக்கு நுழையாது.

புத்தகத்தில் பதினான்கு 'பாய்ஸ்ப்ரெஃஸெசெ'. சந்தையில் அதை யாரும் சொல்ல மாட்டார்கள், 'பாய்ஷ்பெ' என்பார்கள். பதினைந்து 'சின்ஷ்பெ'. பேச்சு வடிவத்தைக் காதில் பழக்காவிட்டால் தக்காளிக் கடையில் முழிக்க வேண்டிவரும். விலை கேட்க 'குத் கோஸ்த?'

ஒன்பதாம் படி: ஊரே பள்ளி

புக்கரெஸ்ட் மெட்ரோவில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓர் அறிவிப்பு வரும்: 'அதென்த்ஸியெ, ஸெ உன்கித் ஊஷிலெ. உர்மியாஃஸ ஸ்தாத்ஸியா...' என்று அடுத்த நிலையத்தின் பெயர், பிறகு 'கு பெரோனுல் பெ பார்த்யா த்ரியாப்த'. கவனம், கதவுகள் மூடிக்கொள்கின்றன. அடுத்து வரும் நிலையம் இன்னது, நடைமேடை வலப்பக்கம். இதுவரை படித்தது பாதி இந்த இரண்டு வரியில் இருக்கிறது. 'ஊஷிலெ'யில் கதவுகளோடு சுட்டு ஒட்டியிருக்கிறது. 'ஸெ' நம் 'மூடிக்கொள்'ளில் வரும் 'கொள்'. 'பெரோனுல்' வாலில் 'உல்'. 'த்ரியாப்த' பெண்பால் பெயரடை, பெயருக்குப் பின்னால் நிற்கிறது. ஊருக்குப் போகுமுன்னே யூடியூபில் இந்த அறிவிப்பைத் தேடிக் கேட்டுவிடலாம்.

அகராதிக்கு டெக்ஸ் ஆன்லைன் என்ற இலவசத் தளம் ஒன்று போதும். எந்தச் சொல்லைத் தேடினாலும் பால், பன்மை, எல்லா வடிவங்களும் அட்டவணையாக வரும். மொழி கற்கும் செயலியான டுவோலிங்கோவில் ருமேனியப் பாடம் உண்டு. சொல் சேர்க்க உதவும், இலக்கணத்துக்குப் போதாது. ருமேனிய மொழியில் பட்டப்படிப்பு படிக்க வருகிற வெளிநாட்டினருக்குப் பல்கலைக்கழகங்கள் ஓராண்டு ஆயத்த வகுப்பு நடத்துகின்றன. மருத்துவம் ஆங்கில வழியில் படித்தாலும் வார்டில் நோயாளி பேசுவது ருமேனியம் என்பதால், முதல் ஆண்டிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

நகரத்து இளைஞர்கள் நல்ல ஆங்கிலம் பேசுவார்கள். நீங்கள் தடுமாறியதும் உதவுவதாக நினைத்து ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். அப்போது சொல்ல மூன்று வாக்கியங்களைக் கையில் வைத்திருங்கள். 'நு உன்த்ஸெலெக்': புரியவில்லை. 'வொர்பித்ஸி மாய் ரார், வ ரோக்': கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள். 'வொர்பித்ஸி ரொமுனெஷ்தெ கு மினெ, வ ரோக்': என்னோடு ருமேனியத்திலேயே பேசுங்கள்.